வலப்பக்கம் சாயும் பெட்டி

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்று எழுதுவாய். நானும் அதையேதான் எழுதுவேன். அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வேலைக்கென்று வெளியூர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இடையில் நீ அனுப்பியது ஒரு வாழ்த்து அட்டை. நான் அனுப்பியது அதுவும் இல்லை. யாருக்கு யார் மேல் கோபம் என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நாத்தனாரிடம் போய் யோசனை கேட்கிற அண்ணி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போன் பட்டறையில், அவர் கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அதில் பேச முடியாது. பதிலை மாடியில் இருக்கும் தையல்காரம்மா பெயருக்கு அனுப்பு. அவர் பிரிக்க மாட்டார். பிரித்தாலும் ஒன்றும் புரியாது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தேவாலயத்தைப் புதுப்பிக்கிறார்கள். ஸ்பீக்கர் வேலை நமக்கு வந்தது. இரண்டு பெட்டிதான் கேட்டார்கள். உன் அண்ணன்தான் விடாமல் பேசி ஒரே பெட்டிக்குச் சம்மதிக்க வைத்தார். "ரெண்டு பெட்டி வெச்சா நடுவுல உக்கார்றவங்களுக்குத்தான் ரெண்டும் கேக்கும். இடது ஓரத்துல இருக்கிறவருக்கு இடது பெட்டி மட்டும்தான். அவர் என்ன பாவம் பண்ணார்?" என்று கேட்டதும் போதகர் சிரித்துவிட்டார். அங்கேயே முடிவாகிவிட்டது.

பெட்டி இடுப்பு உயரம். மூன்று முகம், முகத்துக்கு ஒரு ஒலிக்கூம்பு. முன்பக்கக் கோன் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலியைத் தருகிறது, அதாவது பேச்சும் தனிப்பாட்டும். இடப்பக்கத்துக் கோன் இடது மைக்கில் வருவதை இடது சுவர் மேல் வீசுகிறது. அங்கேதான் கீபோர்டு. வலது கோன் வலது மைக்கில் வருவதை, அதாவது பாடகர் குழுவை, வலது சுவர் மேல் வீசுகிறது. சுவரில் பட்டு விரிந்து கூடம் முழுக்க நிறைய வேண்டும். பட்டறையில் நிறைந்தது என்றார் உன் அண்ணன். தேவாலயத்தில் நிறையவில்லை. எல்லாம் வலப்பக்கம் சாய்கிறது. வலது பெஞ்சுக்காரர்கள் காதைப் பொத்துகிறார்கள். இடது பெஞ்சில் கீபோர்டே கேட்கவில்லை.

வலது சுவர் வெறும் கல், அதுதான் காரணம் என்கிறார் அவர். சுவர் முழுக்கக் கனமான திரை தொங்கவிட்டோம். நான்தான் தைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஏப்ரல் முதல் ஞாயிறு திறப்பு. அதற்குள் சரியாகவில்லை என்றால் கடையிலிருந்து இரண்டு பெட்டி வாங்கி மாட்டிவிடுவதாகத் தேவாலய நிர்வாகக் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி நடந்தால் இந்த ஊரில் இனி யாரும் எங்களிடம் பெட்டி கேட்டு வரமாட்டார்கள்.

உன்னைக் கேட்கலாமே என்று ஒரு தடவை சொன்னேன். "அவ ரயில்வே ஸ்டேஷனுக்கு ஸ்பீக்கர் செய்யறவ. அங்க என்ன சொல்றாங்கன்னு இதுவரைக்கும் யாருக்காவது புரிஞ்சிருக்கா?" என்றார். நான் சொன்னதாக எழுதவில்லை, அவர் சொன்னதாக எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ரயில் நிலையத்தில் புரியாமல் போவது அறிவிப்பாளரின் வாயால், ஸ்பீக்கரால் இல்லை என்று வாய்ப்பு வரும்போது அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஒரே பெட்டி சரிவராது என்று நான் அங்கே இருந்தபோதே சொன்னேன். இப்போதும் அப்படியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியதைப் படமாக வரைந்து பார்த்தால் யோசனையில் தப்பு தெரியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஜோடிப் பெட்டியை, நன்றாக விற்றுக்கொண்டிருந்ததை, ஒரு காலையில் யாரையும் கேட்காமல் நிறுத்தினார். அதற்குப் பதிலாக இந்த மூன்று முகப் பெட்டியைத்தான் மனதில் வைத்திருந்தார் என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

கனமான திரை போட்டும் மாறவில்லை என்றால் சுவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தேகத்தை வைத்துப் பெட்டியைத் திறக்கக்கூடாது. முதலில் ஒரு சோதனை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். முன்முகம் முன்னாலேயே இருக்கட்டும். இடது கோன் வலப்பக்கம் போய்விடும், வலது கோன் இடப்பக்கம் வந்துவிடும். போதகரை ஒரே மைக்கில் எதையாவது வாசிக்கச் சொல்லி, மூன்று கோனிலும் அதையே விடுங்கள். அப்போதும் வலப்பக்கமே சாய்ந்தால் குற்றம் கூடத்தில். சாய்வு இடப்பக்கம் வந்துவிட்டால் குற்றம் பெட்டியில்.

அண்ணன் இருக்கும்போது செய்யாதீர்கள். தான் செய்த பெட்டியைத் தலைகீழாகப் பார்த்தால் சாப்பிட மாட்டார்.

சின்னவள்


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

கவிழ்த்தோம். அவர் பசை வாங்க மொத்தக் கடைக்குப் போன நேரம் பார்த்து நான், தேவாலயக் காவலாளி, பாட்டு டீச்சர் மூன்று பேரும் சேர்ந்து புரட்டினோம். காவலாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போதகர் என்ன வாசிப்பது என்று யோசித்துவிட்டு, புதுக் கழிப்பறை கட்டுவது பற்றிய அறிவிப்பை வாசித்தார். வாசிக்கிறவர் எதையும் கம்பீரமாகத்தான் வாசிப்பார் போலிருக்கிறது.

சாய்வு இடப்பக்கம் வந்துவிட்டது. சந்தேகத்துக்கே இடமில்லை. டீச்சருக்கு நல்ல காது. "அப்படியே அலுங்காம இந்தப் பக்கம் வந்துடுச்சே!" என்றார். ஆக, பெட்டிதான்.

நிமிர்த்தி வைப்பதற்கு முன்னால் பின்பலகையைத் திருகித் திறந்து பார்த்தேன். நீ சொல்லாமல் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. எத்தனை பெட்டிக்கு நான் துணி ஒட்டி, பாலிஷ் போட்டு, பின்பலகை மூடியிருக்கிறேன். உள்ளே எது எங்கே இருக்கும் என்று எனக்கும் தெரியும். இடது கோனுக்குப் போகிற கம்பியில் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது, குட்டி வெள்ளைச் செங்கல் மாதிரி. வலது கோனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன். "இடது பக்கத்துல மட்டும் என்னமோ வெள்ளையா வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. அடக்கி வெச்சேன்."

"மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"மீட்டருக்கு என்ன தெரியும்? கேக்கப்போறது மனுஷங்க. காதால கேட்டு வெச்சது அது."

அதற்கு மேல் கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார். நிறுத்திக்கொண்டேன். இரண்டு கோனும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஒன்று எப்படித் தூக்கலாக இருக்கும்?

அண்ணி


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

இரண்டு கேள்விகள். ஏன் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

அண்ணன் பட்டறையில் எங்கே உட்கார்ந்து கேட்டு அந்த ரெசிஸ்டரை வைத்தார்? பெட்டிக்கு நேர் எதிரிலா, ஓரத்திலா?

போன் வந்தால் எந்தக் காதில் வைத்துக்கொள்கிறார்?

சின்னவள்


மார்ச் 1

சின்னவளுக்கு,

நேர் எதிரில்தான். தச்சு மேசைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு. நானே பார்த்திருக்கிறேன்.

போன் இடது காதில். அதில் என்ன இருக்கிறது, வலது கையில் பென்சில் வைத்திருப்பார், அதனால் இடது கை, இடது காது. அப்படித்தான் எழுத நினைத்தேன். எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. கடைத்தெருவுக்குப் போனால் என்னை அவருக்கு இடப்பக்கம் நடக்கச் சொல்வார். வண்டி வருகிற பக்கம் நான் நடக்கக்கூடாது என்கிற அக்கறை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது வண்டி அந்தப் பக்கம்தான் வருகிறது. அப்போதும் இடப்பக்கம்தான் நடக்கச் சொல்கிறார்.

கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்புகிறார். அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் வாசலைப் பார்க்கிறார். என் குரல் எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாத அளவுக்கு என் மேல் அலட்சியம் என்று சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. திட்டை வாங்கிக்கொண்டார்.

நீ என்ன சொல்ல வருகிறாய் என்று புரிந்துவிட்டது. ஆனால் இதை இரண்டு கேள்வியில் எழுதுகிறாயே, உனக்கு எப்படி மனசு வருகிறது? பெட்டியில் கோளாறு எங்கே என்று கேட்டால் ஆளில் கோளாறு என்கிறாய். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். எனக்குத் தெரியாதது அங்கே உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரிகிறதா?

இதைக் கிழித்துப் போடலாம் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். கிழிக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஜோடிப் பெட்டியை நிறுத்தினாரே, அதற்கு முந்தின மாதம் தலைசுற்றல் என்று ஒரு வாரம் படுத்தார். எழுந்தால் வீடு சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்து நடந்தார். பித்தம் என்று நினைத்தோம். தானாகச் சரியாகிவிட்டது. சரியானது தலைசுற்றல் மட்டும்தானா என்று இப்போது யோசிக்கிறேன்.

அண்ணி


மார்ச் 7

அண்ணிக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். நான் பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. தூரத்தில் இருப்பதால் எனக்குப் பெட்டி மட்டும்தான் தெரிகிறது. பெட்டியைப் பார்த்தால் அதைக் கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதும் தெரிகிறது.

வலது காது கேட்காதவர் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தால், வலது சுவரிலிருந்து வருவது தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்கு வர வேண்டும். வருவதற்குள் மங்கிவிடும். இடது சுவரிலிருந்து வருவது நேராகக் காதில் விழும். அவருக்கு இடது தூக்கலாகத்தான் கேட்கும். அடக்கியிருக்கிறார். அவர் காதுக்கு அந்தப் பெட்டி துல்லியமாகச் சமமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு வலப்பக்கம் சாய்கிறது. அவர் வேலையில் தப்பில்லை.

ஜோடிப் பெட்டியை ஏன் நிறுத்தினார் என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது. ஒரு காதுக்கு இரண்டு பெட்டி என்பது இரண்டு சத்தம், அவ்வளவுதான்.

வேலைக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பட்டறையில் அவரிடம் கேட்டேன். "நான் போகட்டுமா அண்ணா? இருன்னு சொன்னா இருக்கேன்." அவர் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை, நிமிரவும் இல்லை. அதனால்தான் போனேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் நின்றது ஜன்னல் பக்கம். அவருக்கு அது வலப்பக்கம். இதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

இனிச் செய்ய வேண்டியது. அவரிடம் எதையும் சொல்லாதீர்கள். சொன்னால் இல்லை என்பார். சொன்ன பிறகு அந்த இல்லையை அவரால் திரும்பப் பெறவும் முடியாது. தேவாலயத்தில் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். அப்போது பெட்டியின் வலப்பக்கம் அவருடைய நல்ல காதுக்கு வந்துவிடும். மற்றதை அவரே கேட்டுக்கொள்வார்.

காது டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று எழுதத் தேவையில்லை. எழுதிவிட்டேன்.

சின்னவள்


மார்ச் 18

சின்னவளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது.

புதன்கிழமை தேவாலயத்துக்குப் போனோம். டீச்சரிடம் மட்டும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். அவர் கீபோர்டில் உட்கார்ந்தார், குழுவிலிருந்து நாலு பெண்கள் வலது மைக்கில் பாடினார்கள். உன் அண்ணன் நடுவில் நின்று கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. சுவருக்கு இன்னொரு திரை போடலாம்" என்றார்.

"திரும்பி உக்காந்து ஒரு தடவை கேளுங்களேன்" என்றேன்.

"திரும்பியா? எதுக்கு?"

"சும்மாதான். கதவு பக்கம் பாத்து உக்காருங்க."

என்னை ஒரு நொடி பார்த்தார். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். பெஞ்சின் முதுகில் கை வைத்து, குழந்தை மாதிரி ஒரு காலைத் தூக்கிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். டீச்சர் வாசிக்க ஆரம்பித்தார். பெண்கள் பாடினார்கள்.

பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், "மறுபடியும்" என்றார். மறுபடியும் வாசித்தார்கள். இந்தத் தடவை பாதியில் எழுந்து திரும்பி நின்றார். பிறகு மறுபடி வாசலைப் பார்த்தார். திரும்பினார், பார்த்தார், திரும்பினார். கோவிலில் பிராகாரம் சுற்றுகிறவர் நின்ற இடத்திலேயே சுற்றுகிற மாதிரி. பாடகர் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். டீச்சர் முறைத்ததும் நிறுத்தினாள்.

உன் அண்ணன் பெட்டியிடம் போனார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பலகையைத் திறந்தார். அந்த வெள்ளை ரெசிஸ்டரைக் கட்டரால் நறுக்கி எடுத்துவிட்டு, கம்பியைக் கையாலேயே முறுக்கிச் சேர்த்தார். ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூட இல்லை. எல்லாரையும் வாசிக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். என் வலப்பக்கம் வந்து நின்றார், அதாவது நான் அவருக்கு இடப்பக்கம்.

"எப்படி இருக்கு?" என்றார்.

சின்னவளே, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு பெட்டியைப் பற்றி அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. துணி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார், பாலிஷ் காய்ந்ததா என்று கேட்டிருக்கிறார். அவசரப்படாமல் கூடம் முழுக்க நடந்து கேட்டேன். இடது ஓரம், வலது ஓரம், கடைசி பெஞ்சு. வந்து, "இடது பக்கம் கீபோர்டு நல்லா வந்துடுச்சு. குழுவும் இருக்கு. எங்க நின்னாலும் ரெண்டும் இருக்கு" என்றேன்.

"சாயலையே?"

"சாயல."

தலையை ஆட்டினார். பிறகு போதகரிடம் போய், எல்லார் முன்னாலும், சத்தமாகவே சொன்னார். "ஐயா, எனக்கு ஒரு காதுதான் கேக்கும். தப்பு அதுலதான். சுவர்மேல பழி போட்டுட்டேன். திரையைக் கழட்டிடலாம்." போதகர் திரையைப் பார்த்துவிட்டு, "திரை அழகா இருக்கே, இருக்கட்டும்" என்றார். நான் தைத்தது வீணாகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் என்னிடம் கேட்டார். "திரும்பி உக்காருன்னு உனக்கா தோணுச்சா?"

"இல்ல."

"அவதானே?"

"ஆமா."

கொஞ்ச தூரம் நடந்தோம். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான்தான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று உன்னைக் கேட்கவில்லை, மன்னித்துவிடு. "அன்னைக்குப் பட்டறைல அவ வலது பக்கம் நின்னு கேட்டாளாம். உங்களுக்கு அது கேட்டிருக்காதுல்ல?" என்றேன். அவருக்கு ஒரு வழி செய்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

நின்றுவிட்டார். "கேட்டுச்சு" என்றார்.

நானும் நின்றேன்.

"பட்டறை சின்னது. பக்கத்துல நின்னு பேசினா ஒரு காதுக்கே நல்லா கேக்கும். போகட்டுமான்னு கேட்டா. இருன்னு சொன்னா இருப்பேன்னும் சொன்னா. எல்லாம் கேட்டுச்சு."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"இருந்தா, இந்தப் பெட்டியைக் கேட்ட ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பா. ஒத்தக் காதை வெச்சுக்கிட்டு ஸ்பீக்கர் செய்யறவன்னு தெரிஞ்சா அவ என்னை விட்டுப் போகமாட்டா. எனக்காகவே இங்க கிடப்பா. என் கோனையும் அவளே கேப்பா, என் பெட்டியையும் அவளே சரிபார்ப்பா. அது வேண்டாம்னு தோணுச்சு." பிறகு, "இப்ப நினைச்சா, அதுல என்ன கெட்டுப்போயிருக்கும்னு தெரியல" என்றார்.

இது எதையும் அவர் உனக்கு எழுதச் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் போனோம். நரம்பு போய்விட்டதாம். அந்தத் தலைசுற்றல் வாரத்திலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொரு காது நன்றாக இருக்கிறது என்றார், அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் இவர் கேட்டது, "அந்த ரூம்ல எதிரொலியே இல்ல கவனிச்சியா? சுவருக்கு என்ன போட்டிருக்கான்னு கேட்டிருக்கலாம்."

திறப்புக்குப் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. இனிப் பெட்டியைக் கேட்டுச் சொல்வது நான்தான் என்று போதகரிடம் சொல்லிவிட்டார். என்னைக் கேட்காமல்தான் சொன்னார், பழக்கம் அப்படி. எனக்குக் கேட்கத் தெரிகிறது, ஆனால் கேட்டதைச் சொல்லத் தெரியவில்லை. நேற்று "கொஞ்சம் கரகரன்னு இருக்கு" என்றேன். "கரகரன்னா எந்த அலைவரிசைல?" என்கிறார். எனக்கு என்ன தெரியும்? கரகரவென்றால் கரகரதான்.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அண்ணன் எனக்காகப் போட்ட கணக்கு தப்பு. நான் அவருக்காக அங்கே கிடந்திருக்க மாட்டேன். தினமும் சண்டை போட்டிருப்பேன். அதை அவர் யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன் என்றாராம். அதுவும் தப்பு. ஒரு வாரம் எதற்கு, இரண்டு நாள் போதும்.

கம்பியை வெறும் கையால் முறுக்கிவிட்டால் ஒரு மாதத்தில் கழன்றுவிடும். பாட்டின் நடுவில் கழலும். ஈயம் வைக்க வேண்டும். கரகரப்பு கோனில் இல்லை, ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் முன்முகத்துக் கிராஸ்ஓவரில் இருக்கும் என்று நினைக்கிறேன், அதைக் கேட்காமல் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நாலு நாள் விடுப்பு. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். நான் வருகிறவரை பின்பலகையைத் திருகி மூட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். இடது பக்கமாக நின்று சொல்லுங்கள்.

சின்னவள்